ஏறுனவன் எறங்கணும்லா

1979 ஜூலையில் எங்கள் வீட்டுக் கோழி ஒன்று அமெரிக்காவுக்காக உயிரை விட்டது.

ஸ்கைலாப் விழப்போகிறது என்ற பேச்சு திசையன்விளைக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அமெரிக்கர்கள் 1973இல் மேலே ஏற்றிய விண்வெளி வீடு அது. மும்மூன்று பேராக ஒன்பது பேர் போய்த் தங்கிவிட்டு வந்திருந்தார்கள். இப்போது எழுபது டன்னுக்கு மேற்பட்ட இரும்பு, ஆளில்லாமல் கீழே வந்துகொண்டிருந்தது. எங்கே விழும் என்பது அமெரிக்காவுக்கே தெரியாது. எங்கள் தெருவுக்குத் தெரியும். டீக்கடையில் ஒருவர் உவரிக்கு நேரே என்றார், இன்னொருவர் தேரிக்காட்டில் என்றார். ஆச்சி எந்த இடம் என்றெல்லாம் கேட்கவில்லை. “தலையில விழப்போகுதுன்னா முட்ட போடுத கோழிய யாருக்கு வச்சிட்டுப் போக?” என்று அரிவாள்மணையை எடுத்துவிட்டாள்.

குழம்பு கொதிக்கும்போதுதான் ஒரு சந்தேகம் கேட்டாள். “ஏல, அதுல ஆளு இருக்காவளா?”

நான் நாலாம் வகுப்பு. பேப்பர் வாசிப்பவன் என்று வீட்டில் பெயர். “இல்ல ஆச்சி, எல்லாரும் எறங்கி அஞ்சு வருசமாச்சு.”

“எறங்குன பிறவு ஏணிய எடுக்காண்டாமா?”

ஜூலை 11 இரவு ஸ்கைலாப் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலுமாகச் சிதறி விழுந்தது. எஸ்பெரன்ஸ் என்ற ஊர்க்காரர்கள், எங்கள் ஊரில் குப்பை போட்டதற்கு அபராதம் என்று நாசாவுக்கு 400 டாலர் ரசீது எழுதினார்கள். மறுநாள் காலை நாங்கள் அத்தனை பேரும் உயிரோடு இருந்தோம், முட்டைதான் இல்லை. அந்த 400 டாலரில் எங்கள் கோழிக்கும் ஒரு பங்கு வரவேண்டியது.

ஆச்சியின் கேள்விக்கு நாசா 45 வருடம் கழித்துப் பதில் சொன்னது. இப்போது மேலே சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தை, அதன் காலம் முடிந்ததும் பத்திரமாகக் கடலில் இறக்க, 2024இல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள். ஏணியை எடுக்கும் கூலி மட்டும் 84 கோடியே 30 லட்சம் டாலர் வரை.

ஆச்சியை விவரம் தெரியாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊருக்கு ரயில் இருந்தது. திருச்செந்தூரிலிருந்து குலசை என்கிற குலசேகரப்பட்டினம் வழியாகத் திசையன்விளை வரை, இரண்டடி அகலத் தண்டவாளத்தில் ஒரு சின்ன ரயில். பாரி கம்பெனியைச் சேர்ந்தவர்கள் போட்டது. குலசையில் அவர்களுக்கு ஒரு சர்க்கரை ஆலை இருந்தது, அதற்குக் கருப்பட்டி ஏற்றிப்போக ரயில். கூடவே மனிதர்களையும் ஏற்றிக்கொண்டார்கள். 1940 வாக்கில் அது நின்று தண்டவாளமும் போய்விட்டது. ஆகவே நூறு வருடத்துக்கு முன் திசையன்விளையிலிருந்து குலசைக்கு ரயிலில் போகலாம். இன்றைக்கு பஸ்ஸில்தான் போகவேண்டும், ஆனால் போய் இறங்கினால் அங்கே ராக்கெட் தளம். முன்னேற்றம் எங்கள் பக்கம் இப்படித்தான் வரும், நடுவில் சில படிகளை விட்டுவிட்டு.

தாத்தா பனையேறி. முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து, அதில் கால் வைத்து எழும்பி, காலில் தளைநாரைப் பூட்டிக்கொண்டால், அப்புறம் மரத்துக்கும் அவருக்கும் நடுவே நெஞ்சுத் தோல் மட்டும்தான். அந்தத் தோல் செருப்புத் தோல் மாதிரி காய்த்திருக்கும். இடுப்பில் அரிவாள்பெட்டி, அதற்குள் பாளை அரிவாள். உச்சியில் போய் மட்டைக்குள் உட்கார்ந்து, பாளையின் நுனியைத் தாள் கனத்துக்குச் சீவுவார். கனமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், சீவாமல் விட்டால் பதனி நின்றுபோகும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டிவிட்டு இறங்குவார். இறங்கியதும் உடனே நடக்கமாட்டார், மரத்தைப் பிடித்தபடி கொஞ்சம் நிற்பார். ஆச்சி பதனியை விடிலியில் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுவாள்.

நான் பிற்பாடு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பத்தைந்து மரம், காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மரத்துக்கு 40 அடி என்று குறைத்தே வைத்தாலும் நாளுக்கு 2,800 அடி ஏற்றம். விண்வெளி தொடங்கும் இடம் என்று பொதுவாகச் சொல்வது 100 கிலோமீட்டர் உயரத்தை. தாத்தா அந்த உயரத்தை 118 நாளில் ஏறி முடித்திருப்பார். பருவத்துக்கு ஒரு தடவை அவர் விண்வெளி தொட்டு வந்துகொண்டிருந்தார், தவணை முறையில்.

1983இல் ஒரு மரத்திலிருந்து விழுந்தார். இடுப்பு போயிற்று. உதவித்தொகை கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மனு எழுதினோம். விழுந்ததற்குச் சாட்சி உண்டா என்று கேட்டார்கள். சாட்சி சொல்லக்கூடியது அந்த மரம் ஒன்றுதான், அதைக் கூட்டிப்போக வழியில்லை.

அடுத்த ஏப்ரலில் ராகேஷ் சர்மா சோவியத் விண்கலத்தில் போனார். தாத்தா கயிற்றுக்கட்டிலில் படுத்தபடி ரேடியோ செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். இந்திரா காந்தி மேலேயிருந்தவரிடம் பேசியது, இந்தியா எப்படித் தெரிகிறது என்று கேட்டது, எதுவும் அவரை அசைக்கவில்லை. ஏறக்குறைய எட்டு நாள் கழித்துத்தான் வாய் திறந்தார்.

“ஏறுனவன் எறங்கிட்டானா?”

“எறங்கிட்டாரு தாத்தா.”

“காலு?”

“காலுக்கு ஒண்ணுமில்ல.”

“அப்பஞ் சரி.”

இப்போது மனுஷனை மேலே அனுப்பும் செலவைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு இந்த விசாரணைதான் ஞாபகம் வருகிறது. செலவே இறங்குவதில்தான் இருக்கிறது. எங்களுக்கு மேற்கே மகேந்திரகிரியில் இஸ்ரோவின் எஞ்சின் சோதனை மையம் இருக்கிறது. இந்தியா ஆளை அனுப்பப்போகும் ககன்யான் ராக்கெட்டின் மேலடுக்கில் எரியப்போகும் சி.இ.20 கிரையோஜெனிக் எஞ்சினை அங்கேதான் கட்டிவைத்து எரித்துப் பார்த்தார்கள். மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் திரவ ஹைட்ரஜனை எரிக்கிற சாதனம் அது. செயற்கைக்கோளை ஏற்றுவதற்கு அது ஏற்கெனவே தேறிய எஞ்சின். ஆள் ஏறப்போகிறான் என்றதும் திரும்ப முதலிலிருந்து பரீட்சை. நான்கு எஞ்சின்கள், 39 சோதனை, மொத்தம் 8,810 விநாடி. விதிப்படி 6,350 விநாடி போதும். 2024 பிப்ரவரி 13இல் கடைசிச் சோதனை முடிந்து, மனிதரை ஏற்றத் தகுதி என்று சான்று கொடுத்தார்கள்.

கேட்டதைவிட 2,460 விநாடி கூடுதலாக எரித்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிறு எரியவும் செய்தது. தாத்தாவின் தளைநாரை எந்தச் சர்க்கார் எத்தனை விநாடி இழுத்துப் பார்த்தது?

மகேந்திரகிரியைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் அனுமனைச் சொல்லாமல் விடமாட்டார்கள். இலங்கைக்குத் தாவியது அந்த மலையிலிருந்துதான் என்பது நம்பிக்கை. வேடிக்கை என்னவென்றால், அனுமன் நேரே இலங்கையைப் பார்த்துத் தாவினான். இஸ்ரோவுக்கு இலங்கைதான் தொந்தரவு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கைக்கு மேலே பறக்கக்கூடாது என்று வளைந்து போகிறது. வளைவதில் எரிபொருள் வீண், சின்ன ராக்கெட்டுக்கு அது கட்டாது. குலசையிலிருந்து விட்டால் தெற்கே ஒரே கடல். அதனால்தான் அங்கே இரண்டாவது தளம். 2024 பிப்ரவரி 28இல் பிரதமர் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டினார். மதிப்பு ஏறக்குறைய 986 கோடி. அதை வாழ்த்தி அன்று வந்த ஒரு நாளிதழ் விளம்பரத்தில் ராக்கெட்டின் மேல் சீனக் கொடி இருந்தது தனிக் கதை.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் மனைகளுக்குச் சிறகு முளைத்துவிட்டது. என் மச்சான் ஒருவன் முருங்கைக்காய் வியாபாரத்தை விட்டுவிட்டு ரியல் எஸ்டேட்டில் இறங்கினான். தேரி மண்ணில் கல் நட்டு, ‘ராக்கெட் தளத்துக்கு மிக அருகில்’ என்று போர்டு வைத்தான். இங்கேயிருந்து குலசை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். கேட்டால், “அண்ணாச்சி, ராக்கெட்டுக்கு முப்பது கிலோமீட்டர் ஒரு தூரமா?” என்கிறான். இந்த ஊரில் பாதிப் பேர் ககன்யான் குலசையிலிருந்துதான் போகும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மச்சான் அதை மறுப்பதில்லை. குலசையிலிருந்து போகப்போவது சின்னச் செயற்கைக்கோள்களை ஏற்றும் எஸ்.எஸ்.எல்.வி. ஆள் போவது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து.

செயற்கைக்கோள் என்றால் எனக்குச் சண்டையே இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது புயல் வானத்திலிருந்து பார்க்கத் தெரிந்தது, ஆனால் ஆழ்கடலில் நாள்கணக்காகத் தங்கியிருந்த படகுகளுக்குச் செய்தி எட்டவில்லை. கன்னியாகுமரிக் கரையில் எத்தனை வீடு ஆளில்லாமல் போயிற்று. அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கே எச்சரிக்கை அனுப்பும் கருவிகள் வந்தன. உவரிக்காரர் யாரிடமும் போய் அது தண்டச்செலவு என்று சொல்லிப் பாருங்கள். இதில் எதற்கும் ஒரு மனுஷன் மேலே போய் உட்காரவேண்டிய அவசியமில்லை. இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாயே, பணக்கார நாடுகளோடு போட்டி போட்டு ஆளை அனுப்பும் கனவு நமக்கில்லை என்று பச்சையாகச் சொன்னவர்தான்.

ககன்யானுக்கு இப்போது ஒதுக்கியிருப்பது 20,193 கோடி. 140 கோடி பேருக்குப் பங்கு வைத்தால் தலைக்கு 144 ரூபாய். சர்க்கரை கலக்காத கருப்பட்டி போன வாரம் கிலோ 400 என்று வாங்கினேன். அப்படியானால் என் பங்கு கால் கிலோவுக்கு மேலே, அரைக் கிலோவுக்குக் கீழே. எவ்வளவு மலிவு! ஆனால் இந்த வகுத்தல் கணக்கை நம்பக்கூடாது. 140 கோடியால் வகுத்தால் எந்தக் கொள்ளையும் கருப்பட்டி விலைக்கு வந்துவிடும்.

ஆளை அனுப்புவதால் மருந்து வரும், தொழில் வரும் என்று அடுக்குகிறவர்கள் என் மச்சானின் ஜாதி, போர்டு வைக்கிறவர்கள். வரலாம். ஆனால் மருந்து வேண்டுமென்றால் மருந்துக்கே செலவழிக்கலாமே. அனுப்பாமல் விட்டால் அந்தப் பணம் பனையேறிக்கு வரும் என்கிற எதிர்க்கட்சியிலும் நான் இல்லை. சாட்சி கேட்ட அலுவலகத்தை நான் பார்த்திருக்கிறேன். பிறகு ஏன் போகட்டும் என்கிறேன்? கருவி இருக்கிற இடத்துக்கெல்லாம் ஒரு நாள் ஆள் போய்ப் பார்க்காமல் இருக்கமாட்டான். போகத்தான் போகிறான் என்றால், 8,810 விநாடி எரித்துப் பார்த்து அனுப்புகிறவர்கள் அனுப்பட்டும். வேறு வலுவான காரணம் என்னிடம் இல்லை.

2025 ஜூலை 15 மதியம். சுபான்ஷு சுக்லா இருபது நாள் பயணம் முடித்துத் திரும்புகிறார். சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன முதல் இந்தியர். அந்த ஒரு பயணத்துக்கு நம் செலவு ஏறக்குறைய 550 கோடி என்று செய்தி. நானும் அத்தையும் என் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தை தாத்தாவின் மகள், எண்பதைத் தாண்டியவள். குடை விரிந்து கலம் கடலில் விழுந்தது. கப்பலில் ஏற்றிக் கதவைத் திறந்தார்கள். ஒவ்வொருவராக வெளியே வரும்போது இரண்டு பக்கமும் ஆள் தாங்கிக்கொண்டார்கள்.

“எங்கப்பா மாதிரியே நிக்கான் பாரு,” என்றாள் அத்தை. பிறகு, “கலயத்துல என்ன கொண்டாந்தானாம்?”

கிண்டல் இல்லை. ஏறிப்போனவன் வெறுங்கையோடு இறங்குவது அவளுக்குப் பழக்கமில்லை.

“என்னெல்லாமோ சோதன செஞ்சிருக்காரு அத்தை. வெந்தயமும் பாசிப்பயறும் முளைக்கப் போட்டிருக்காரு.”

அதற்கா 550 கோடி என்று கேட்பாள் என்று நான் தயாராக இருந்தேன். அவள் போனைக் கையில் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“முளைச்சுதா?”

“முளைச்சுதாம்.”

“அங்கன ஒண்ணும் கீழ எறங்காதுன்னியே. வேரு எந்தப் பக்கமாப் போச்சாம்?”

எனக்குத் தெரியவில்லை. போனைத் திரும்ப வாங்கித் தேட ஆரம்பித்தேன்.