சார்ஜரோடயா, சார்ஜர் இல்லாமலா?

சுரண்டையில் லேப்டாப் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கடைக்குப் போவதில்லை. காய்கறி மார்க்கெட்டுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு கமிஷன் கடையில், வெண்டைக்காய் மூட்டைகளுக்கும் வசூலாகாத சீட்டுகளுக்கும் நடுவே அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். கடை அவருடையது இல்லை, கணக்கு மட்டும் அவருடையது. "பையன் இன்ஜினியரிங் சேந்திருக்கான், என்ன வாங்கலாம் அண்ணாச்சி?" என்று கேட்டால் பட்ஜெட் எவ்வளவு என்று திருப்பிக் கேட்க மாட்டார். அது கடைக்காரன் கேட்கிற கேள்வி. இவர் கேட்பது வேறு: "தூக்கிட்டு அலைவானா, ஹாஸ்டல் கட்டில்லயே கெடப்பானா?"

தன் பிள்ளை எப்படிப்பட்டவன் என்று பல தகப்பன்மார் முதன்முதலாக யோசிப்பது அந்த இடத்தில்தான்.

அண்ணாச்சி மாதிரி ஆள் ஊருக்கு ஒருவர் உண்டு. பைக்குக்கு ஒருவர், இன்வெர்ட்டருக்கு ஒருவர், போர் போடுவதற்கு ஒருவர். அவர் சொல்லை நம்பித் தெருவே வாங்கியிருக்கும், அவர் வீட்டில் மட்டும் அந்தப் பொருள் இருக்காது. நம் அண்ணாச்சி லேப்டாப்பில்கூட ஒரே பிரிவில் ஸ்பெஷலிஸ்ட்: லேசான லேப்டாப். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போனால் அதைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் இல்லை. "அது சாமான். ஆம்னி பஸ்ல போட்டு அனுப்ப வேண்டியது" என்று ஒதுக்கிவிடுவார்.

அவரே எதில் கணக்கு எழுதுகிறார் என்பது வெளியூர்க்காரர்களிடம் நாங்கள் சொல்லாத ரகசியம். 2011 செப்டம்பரில் அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் அக்கா மகனுக்குக் கிடைத்தது அது. அவன் படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகிவிட்டது. லேப்டாப் மண்டியில் தங்கிவிட்டது. பாட்டரி செத்து வெகுகாலம். பிளக்கைப் பிடுங்கினால் அன்றைய தக்காளிக் கணக்கு போச்சு. அதனால் அது மேசையை விட்டு நகர்ந்ததே இல்லை. இனி வாங்கப்போகிற புதுசும் அதே மேசையில்தான் உட்காரப் போகிறது. அந்த மேசை எத்தனை கிலோவையும் தாங்கும். ஆனால் அண்ணாச்சிக்குக் கிராம் கணக்கில் குறைய வேண்டும். ஏன் என்று கேட்கும் தைரியம் எங்களில் யாருக்கும் வந்ததில்லை.

விடியுமுன் மார்க்கெட் கூடிவிடும். ஆரியங்காவு வழியாகப் புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம் என்று போகிற வண்டிகளுக்கு லோடு ஏற்றி முடித்ததும் இரைச்சல் அடங்கும். அதன்பிறகு அண்ணாச்சியின் நேரம். போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு ரிவ்யூ பார்ப்பார். இங்கிலீஷ்காரன், இந்திக்காரன், தமிழ்ப் பையன்கள் எல்லோரையும் பார்ப்பார். நம்புவது மலையாள ரிவ்யூவை மட்டும். வியாபாரத்தில் பழகிய பாஷை. "வெண்டைக்காய நுனிய ஒடிச்சுப் பாக்காம ஒரு கிலோ வாங்க மாட்டான். அவன் நல்லாருக்குன்னு சொன்னா நல்லாத்தான் இருக்கும்" என்பது அவர் கண்ட பத்திரிகை தர்மம்.

லேசான லேப்டாப்புகளின் வரலாறு அவருக்கு மனப்பாடம். 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் நின்று, ஆபீஸ் காகிதம் போடும் பழுப்பு உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவி எடுத்தாரே, அங்கே தொடங்குவார். எடை 1.36 கிலோ. சிடி டிரைவ் கிடையாது, யுஎஸ்பி ஒன்றே ஒன்று. உலகமே கைதட்டிய அந்தக் காட்சியை அண்ணாச்சி இன்றுவரை மன்னிக்கவில்லை. "கவர்ல வச்சுக் காட்டுனாம்லா? அந்தக் கவருக்குள்ள சார்ஜர் இருந்துச்சா? அதக் கேக்கதுக்கு அங்க ஒருத்தனும் இல்ல."

பிறகு எல்ஜி கிராம் வரும். பெயரிலேயே எடையை எழுதி ஒட்டிய யோக்கியன் என்று அதன்மேல் ஒரு மரியாதை. கடைசியில் குரல் தாழ்ந்து, ஜப்பானில் ஃபுஜிட்சு விற்கிற 700 கிராமுக்கும் குறைவான லேப்டாப்புக்கு வருவார். அதைப் பற்றி அவரிடம் ஒரு குறையும் கிடையாது. வாங்க வழியில்லாத பொருளில் குறை கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது?

ஸோகோ கம்பெனி தென்காசிப் பக்கம் 2011-ல் அலுவலகம் திறந்து, பின்னர் மத்தளம்பாறையில் ஊன்றிக்கொண்டதில் இந்த வட்டாரத்துக்கு என்னென்னவோ நன்மைகள். அண்ணாச்சிக்குக் கிடைத்த நன்மை, நேரில் தொட்டுப் பார்க்க லேப்டாப்புகள். முதுகில் பையோடு பஸ் இறங்கும் எங்கள் தெருப் பையன்கள் அவரைக் கண்டால் மறு பக்கம் கடந்துவிடுவார்கள். ஒருநாள் ஒருவன் மாட்டினான். புது மேக்புக் ஏர். "மாப்ள, ஒரு நிமிசம் குடுல" என்று வாங்கியவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேரே மூட்டை போடும் தராசில் வைத்தார். அது ஐம்பது ஐம்பது கிராமாகத் தாவுகிற தராசு. திருப்தி இல்லை. லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு எதிரே பலசரக்குக் கடைக்குப் போய், கொத்தமல்லி நிறுத்துக்கொண்டிருந்தவரை நகரச் சொல்லி எலக்ட்ரானிக் தராசில் வைத்தார். 1.240 காட்டியது. கம்பெனி சொன்னதும் அதேதான்.

கூட்டம் கூடிவிட்டது. அண்ணாச்சி அசரவில்லை. "சார்ஜர எடு." சார்ஜர் ஏறியது. "வயர்?" ஏறியது. "டிவில மாட்டுறதுக்கு என்னவோ ஒரு கொக்கி வாங்குவியளே?" ஹப் ஏறியது. மவுஸ் ஏறியது. கடைசியாக அத்தனையும் சுமக்கிற பை. தராசு இரண்டு கிலோவைத் தாண்டியது. "பாத்தியா? சாக்கு எடையக் கழிச்சுச் சொல்லுதான். நாங்க கழிச்சுச் சொன்னா கள்ளக் கமிஷன்ம்பாவ, அவன் சொன்னா டெக்னாலஜி."

சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். போகிற வழியில், அவர் சொன்னதில் பிழை எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை. ஒல்லியாக்க வேண்டும் என்பதற்காக எடுத்த துளைகளையெல்லாம் நாம் தனியாகக் காசு கொடுத்து வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறோம். மினுமினுப்பான ரிவ்யூக்களில் பாதிப்பேர் சார்ஜரைத் தராசில் ஏற்றுவதே இல்லை.

அவர் யோசனை சொன்னால் அது பழுதாகாது. ரேமைப் போர்டோடு சேர்த்தே பற்றவைத்துவிடுவதால் பிற்பாடு கூட்ட முடியாது, அதனால் முதலிலேயே 16 ஜிபி எடு என்பார். திரையைக் கடைக்குள்ளே பார்க்காதே, வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார் என்பார். டைப்-சி சார்ஜரா என்று கேள், ஊருக்குப் போகும்போது மறந்தாலும் வேறொருத்தன் சார்ஜரில் பிழைத்துக்கொள்ளலாம் என்பார். மூடியை ஒரே விரலால் தூக்கிப் பார், கீழ்ப்பாதியும் சேர்ந்து எழுந்தால் கீல் சரியில்லை என்பார். ரிப்பேர் என்றால் திருநெல்வேலிக்கு பஸ் ஏற வேண்டுமா, ஆள் வீடு தேடி வருவானா என்பது கடைசிக் கேள்வி. பெரும்பாலும் அதில்தான் முடிவாகும். நான் வாங்கியதும் இவர் சொல்லித்தான். ஒரு குறையுமில்லை. அதை அவரிடம் சொன்னால் லேசாக முகம் வாடும், குறையில்லாத பொருளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

2025-ஆம் வருஷம் அவர் வாங்கியே தீருவது என்று சபதம் எடுத்த வருஷம். ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் அசூஸ் ஜென்புக் ஏ14 வந்தது. எடை 980 கிராம். ஒரு கிலோவுக்குள்! மண்டியில் அன்று எல்லோருக்கும் டீ. மறுநாளே சந்தேகம் பிறந்தது. உள்ளே இருப்பது இன்டெல் இல்லை, போனில் வருகிற வகையைச் சேர்ந்த ஸ்நாப்டிராகன். பழைய சாஃப்ட்வேர்களை அது மொழிபெயர்த்துத்தான் ஓட்டும். மண்டிக் கணக்கு சாஃப்ட்வேர் ஓடிவிடும் என்றே வைத்தாலும், கரகரவென்று சீட்டு அடிக்கிற பழைய பிரிண்டருக்கு டிரைவர்? "பிரிண்டர் ஓடாட்டி நான் என்ன, சீட்ட வாயால சொல்லியா அனுப்ப?"

மார்ச்சில் எம்4 மேக்புக் ஏர். முந்தியது ₹1,14,900-க்குத் தொடங்கியது, இது ₹99,900. 16 ஜிபி ரேம் அடிப்படையிலேயே உண்டு. அண்ணாச்சி இரண்டு நாள் பேசவில்லை, குறை தேடிக்கொண்டிருந்தார். கிடைத்தது: ஃபேன் இல்லை. சுரண்டை வெயிலில் ஃபேன் இல்லாமலா? அடுத்த வாரம் அவரே அதற்கு மறுப்பும் சொன்னார். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேலக்காற்று காற்றாடிகளை மட்டுமா சுழற்றும், மார்க்கெட் புழுதியையும் சேர்த்துக் கொண்டுவரும். ஃபேன் இருந்தால்தானே உள்ளே இழுக்கும்? ஆக ஃபேன் இல்லாததே நல்லது. சரி, வாங்கலாமா? மாணவர்களுக்கு ₹89,900 என்று கண்டுபிடித்தார். மகள் கல்லூரியில்தான் படிக்கிறாள். கிட்டத்தட்ட திருநெல்வேலி பஸ்ஸில் ஏறிவிட்டார் என்றே சொல்லலாம். அந்த நேரம் பார்த்துத் தமிழக பட்ஜெட்டில், இரண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப்போ டேப்போ தரப்போவதாக அறிவிப்பு. மகளுக்கு வந்துவிட்டால்? பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டார்.

ஆகஸ்டில் ஜிஎஸ்டி குறையப்போகிறது என்றார்கள். "இப்பம் வாங்குறவன் கிறுக்கன்" என்று அண்ணாச்சி மார்க்கெட் முழுக்கத் தடை உத்தரவு போட்டார். செப்டம்பர் 22 வந்தது. ஏசிக்கு 28 சதவீதம் 18 ஆனது. பெரிய டிவிக்கும் அப்படியே. லேப்டாப்புக்கு முன்னாலும் 18, பின்னாலும் 18. அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது ஏசி. "அவிய லேப்டாப்புக்குன்னு எடுத்து வச்ச ரூவா பீரோல கெடந்து பூத்துப்போச்சு. வரி கொறஞ்சதுக்கு எதையாவது வாங்கணும்லா?" என்றார் அண்ணாச்சி வீட்டம்மா. அந்த ஏசியின் எடையை அண்ணாச்சி கேட்டாரா என்று தெரியவில்லை.

வருஷக் கடைசியில் ரேம் விலை ஏறத் தொடங்கியது. ஏஐ கம்பெனிகள் தங்கள் டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்பை மொத்தமாக வளைத்ததில், டிசம்பரில் மைக்ரான் கம்பெனி சில்லறைக்கு ரேம் விற்றுவந்த தன் குரூசியல் பிராண்டையே மூடப்போவதாகச் சொல்லிவிட்டது. பெரிய பெரிய நிபுணர்கள் படம் போட்டு விளக்கிய அந்த விஷயத்தை அண்ணாச்சி டீ ஆறுவதற்குள் முடித்தார்: "ஓணத்துக்கு முந்துன வாரம் மலையாளத்து வண்டி வரிசையா வந்து நின்னா, சுரண்டைக்காரனுக்கு நல்ல கத்திரிக்கா கெடைக்குமா? சொத்ததான் மிஞ்சும், அதுக்கும் வெல கூட. அதான் இது."

"அப்பம் இன்னும் ஏறதுக்குள்ள வாங்கிரணும்லா அண்ணாச்சி?"

"ஏறுற வெலைல எவனாவது சரக்கெடுப்பானாவே? எறங்கட்டும்."

"எறங்குனா?"

"எறங்குற வெலைல எடுத்தா மறுநா இன்னும் எறங்கும்லா?"

முப்பது வருஷமாகக் காய் விலையைப் பார்த்தவர். நாளைக்கு அழுகிவிடும் என்பதால்தான் காயை இன்றைக்கே விற்றார், வாங்கினார். அழுகாத ஒரு பொருள் கையில் சிக்கியதும் மனுஷனுக்கு அவசரமே இல்லாமல் போய்விட்டது. எனக்குத் தோன்றுகிற காரணம் இது. கஞ்சத்தனம் என்பார்கள், அது அநியாயம். ஊரில் எவன் கேட்டாலும் தன் நேரத்தை அள்ளிக்கொடுக்கிறவர். வாங்கிவிட்டால் மறுநாள் காலை யாரோடு என்ன பேசுவார்?

2026 ஜனவரியில் அரசு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. கடைசி வருஷம் படிக்கிற மகளுக்கும் ஒன்று வந்தது. பாக்ஸைத் திறக்குமுன்பே அப்பா கையில் கொடுக்கக் கூடாது என்று அம்மாவும் மகளும் பேசிவைத்திருந்தார்கள். ஆனாலும் அவள் குளிக்கப் போன இடைவெளியில் அது பலசரக்குக் கடைக்குப் போய்த் திரும்பிவிட்டது. எடையைப் பற்றி மட்டும் அண்ணாச்சி வாய் திறக்கவில்லை. மகள் பொருள், குறை சொல்லக் கூடாதாம். ராத்திரி அவள் படித்து முடித்ததும் ஏசி அறையில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறார் என்று கேள்வி.

போன வாரம் மார்க்கெட்டில் பார்த்தபோது கண் சிவந்திருந்தது. என்ன அண்ணாச்சி, தூக்கமில்லையா என்றேன்.

"போன்ல பாத்தப்பம் ஒண்ணும் வெளங்கல தம்பி. பெரிய ஸ்கிரீன்ல பாத்தாத்தான் ரிவ்யூவே புரியுது. இவ்வளவு நாளு பாத்ததெல்லாம் வேஸ்ட்டு, மொதல்ல இருந்து பாத்துட்டு வாரேன். இப்பம் 2012-க்கு வந்துருக்கேன். நீ எதுவும் வாங்கிராத, என்ன?"