15 இலட்சத்துக்கு ஒரு வெறும் பெட்டி

ஹட்டனில் கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா என்று எல்லாவற்றுக்கும் படம் பிடிக்கும் நண்பர் ஒருவருக்குக் கொஞ்ச நாளாகத் தூக்கம் இல்லை. கடன் தொல்லையா என்று கேட்டால், இன்னும் இல்லை. அதைத் தேடிப் போகலாமா என்ற யோசனைதான். புஜிபிலிம் கம்பனி 2024இல் கொண்டுவந்த ஜி.எப்.எக்ஸ். 100 எஸ் இரண்டாம் மொடல் கமரா அவர் கண்ணில் பட்டுவிட்டது. மீடியம் ஃபோர்மட், 102 மெகாபிக்சல். அன்றிலிருந்து, எட்டு வருடம் சோறு போட்ட நிக்கோனை அவர் பார்க்கிற பார்வையே சரியில்லை.

அவருடைய மனைவி தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறார். நண்பருக்கு வாய்த்த முதல் இடைஞ்சல் அதுதான்.

"எவ்வளவுங்க?"

"வெளிநாட்டுல வந்தப்ப 4,999 டொலர்தான்."

"அதுல 'தான்' வேறயா? நம்ம காசுல சொல்லுங்க."

டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 15 இலட்சம். வரி தனி.

"லென்ஸோட சேத்தா?"

"லென்ஸ் வேற வாங்கணும்."

"அப்ப 15 இலட்சத்துக்கு வெறும் பெட்டி?"

ஆள் படம் எடுப்பதற்கென்றே அந்தக் கமராவுக்கு 110 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று இருக்கிறது. அது வெளிவந்தபோது விலை 2,799 டொலர். இன்னொரு 8 இலட்சத்துச் சொச்சம். இதை நண்பர் மனைவியிடம் சொல்லவில்லை. மலையில் கொழுந்தெடுத்து ஓய்ந்த அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து வேறொரு கணக்குப் போட்டார். 2024 செப்டெம்பரில் தோட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா என்று முடிவானதே, அந்தக் கணக்கில் 15 இலட்சம் என்பது 1,111 பேர், அதாவது அத்தனை முழுநாள் வேலை. அரைப்பேர் விழாமல், மாதம் 25 நாள் மலைக்குப் போனாலும் மூன்று வருடமும் எட்டு மாதமும் ஆகும். "அதுக்குள்ள அந்தக் கமரா பழசாயிடுமேடா" என்றாராம்.

பழசாகிறதோ இல்லையோ, மலிவாகிவிடும். அம்மா தெரியாமல் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னார். இதே கம்பனியின் முதல் 102 மெகாபிக்சல் கமரா 2019இல் 9,999 டொலருக்கு வந்தது. 2021இல் கொஞ்சம் சிறிய உடம்போடு 5,999. 2024இல் 4,999. ஐந்து வருடத்தில் பாதி விலை. பொறுத்தார் பூமி ஆள்வாரோ தெரியாது, கமராவை நிச்சயம் ஆள்வார். ஆனால் இலங்கைக்காரனுக்கு இந்தப் பொறுமையும் எப்போதும் கைகொடுப்பதில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதம் 360க்கு ஏறியது. 12 இலட்சக் கமரா கடைத் தட்டில் உட்கார்ந்தபடியே 21 இலட்சம் தாண்டிவிட்டது. அந்த வருடம் கமராவை வாங்கிப் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தவர்தான் நாட்டிலேயே நன்றாகச் சம்பாதித்த புகைப்படக்காரராக இருக்க வேண்டும்.

சரி, இந்தப் பெட்டிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? ஒளியை வாங்கும் சில்லு பெரியது, மீடியம் ஃபோர்மட் என்பது அதைத்தான்: 43.8 மில்லிமீட்டருக்கு 32.9. நண்பரின் நிக்கோனில் அது 36க்கு 24. பரப்பளவில் ஏறக்குறைய 1.7 மடங்கு. படத்தின் நீளம் 11,648 புள்ளி, உயரம் 8,736. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடித்தால் 39 அங்குலத்துக்கு 29 அங்குலப் படம் வரும். அதை ஒரு லயக் காம்பிராவுக்குள் சரித்துத்தான் கொண்டுபோக வேண்டும்; தொங்கவிட்டால் சாமி படத்துக்கும் தாத்தா படத்துக்கும் இடம் இருக்காது.

அச்சடிப்பவர் யார் என்பது அடுத்த கேள்வி. கல்யாண வீட்டார் கேட்பது அல்பம் ஒன்று, மிச்சமெல்லாம் வட்ஸ்அப்பில். அதில் சாதாரணமாக ஒரு படத்தை அனுப்பினால், நீளப்பக்கம் சுமார் 1,600 புள்ளிக்குச் சுருங்கிவிடும். 102 மெகாபிக்சலில் 2 மெகாபிக்சல்கூட மிஞ்சாது. மற்ற 100 மெகாபிக்சலுக்கும் நண்பர் தவணை கட்டிக்கொண்டிருப்பார்.

இதைவிடப் பெரிய வேடிக்கை இருக்கிறது. இந்தக் கமராவின் பெருமையே முகத்தின் ஒவ்வொரு மயிர்க்காலையும் எண்ணிக் காட்டுவதுதான். படத்தைப் பார்த்ததும் பெண் வீட்டார் சொல்லும் முதல் வார்த்தை என்னவென்று நாட்டில் எல்லாப் படப்பிடிப்பாளருக்கும் தெரியும்: "தம்பி, முகத்த கொஞ்சம் வழவழன்னு ஆக்கிக் குடுங்க. கொஞ்சம் வெள்ளையாவும்." 15 இலட்சம் கொடுத்து வாங்கிய நுணுக்கத்தை இராத்திரி முழுக்கக் கணினியில் உட்கார்ந்து அழிப்பதற்குத் தனியாகக் கூலியும் கிடையாது.

மீடியம் ஃபோர்மட் என்றால் ஏதோ நேற்று வந்த அதிசயம் என்று நினைக்கிறார்கள். மலையகத்து ஊர்களில் இருந்த பழைய ஸ்டூடியோக்களை நினைத்துப் பாருங்கள். திரைச்சீலையில் தீட்டிய தாஜ்மகால், பக்கத்தில் பூச்சாடி, முக்காலியின் மேல் ஒரு யசிக்கா. இரண்டு கண் வைத்த, மேலே குனிந்து பார்க்கிற கமரா. 120 பிலிமில் 12 படம். அந்த நெகட்டிவ் 56 மில்லிமீட்டர் சதுரம். பரப்பளவில் இன்றைய 15 இலட்ச ரூபாச் சில்லைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் ஆளை எண்ணிப் பிரித்தபோது, கடவுச்சீட்டுக்காகக் குடும்பம் குடும்பமாக ஸ்டூடியோப் படி ஏறினார்கள். பல வீடுகளில் பாட்டனுக்கும் பாட்டிக்கும் இருக்கிற ஒரே படம் அப்போது எடுத்ததுதான். சிரிக்காத முகம், கழுத்துவரை பொத்தான் போட்ட இரவல் கோட்டு. தோட்டத்து ஆட்களுக்கு மீடியம் ஃபோர்மட் பழக்கமானதுதான். அதன் முன்னால் ஆசைப்பட்டு நிற்கவில்லை, அவ்வளவே.

கமராவில் காசைக் கொட்டினால் திரும்பி வருமா என்று கேட்பவர்கள் ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கு பஸ் ஏறலாம். அங்கே சென் மேரிஸ் தேவாலயத்து முற்றத்தில் ஜூலியா மார்கரட் கமரன் அம்மையார் அடக்கமாகியிருக்கிறார். உலகப் புகைப்பட வரலாற்றில் அவரைத் தவிர்த்து எழுத முடியாது. பக்கத்திலேயே கணவர் சார்ள்ஸ் ஹே கமரன்; பாடசாலையில் நாமெல்லாம் மனனம் செய்த கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் அதே கமரன்தான்.

அம்மையாருக்கு 48 வயதில், 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் கமரா ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். பொழுதுபோகட்டும் என்று கொடுத்தது பைத்தியமாகிவிட்டது. கோழிக்கூட்டை ஸ்டூடியோவாக்கினார். நிலக்கரிக் கொட்டகையை இருட்டறையாக்கினார். இரண்டு வருடத்தில் அந்தக் கமரா போதாமல் 15 அங்குலத்துக்கு 12 அங்குலக் கண்ணாடித் தட்டுப் பிடிக்கும் பெரிய கமராவுக்கு மாறினார். அந்தத் தட்டின் பரப்பு நம் நண்பர் ஆசைப்படும் சில்லைப்போல 80 மடங்கு! அத்தனை பெரிய தட்டில் அவர் எடுத்த முகங்கள் பலவும் தெளிவு குறைந்து மங்கலாகவே இருந்தன. வேண்டுமென்றே அப்படி எடுத்தார். அன்றைய இலண்டன் விமர்சகர்கள், அம்மையாருக்குக் கமராவைப் பிடிக்கவே தெரியவில்லை என்று கிழித்தார்கள். அந்த மங்கல் முகங்களுக்குத்தான் இன்று அருங்காட்சியகங்களில் கூட்டம் நிற்கிறது. விமர்சகர்கள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது.

காசு? படங்களை இலண்டன் கடை ஒன்றின் மூலம் விற்றுப் போட்ட முதலை எடுக்கப் பார்த்தார். நடக்கவில்லை. குடும்பத்தின் நம்பிக்கையெல்லாம் இலங்கையில் கமரன் வாங்கிப்போட்டிருந்த கோப்பித் தோட்டங்களில்தான். 1875இல் இருவரும் கப்பலேறினார்கள். கூடவே ஒரு பசுமாடும், இலங்கையில் நல்லது கிடைக்காதோ என்னவோ என்று இரண்டு சவப்பெட்டிகளும் வந்ததாகவும், இடத்தை வீணாக்காமல் அந்தப் பெட்டிகளுக்குள் பீங்கானும் கண்ணாடிச் சாமானும் அடுக்கி வந்ததாகவும் சொல்வார்கள். துறைமுகத்தில் சுமை தூக்கியவர்களுக்குக் கொடுக்கச் சில்லறை இல்லாமல், தான் எடுத்த பெரிய படங்களையே கூலியாக நீட்டினாராம். ஹட்டன் பஸ் நிலையத்தில் நம் நண்பர் அப்படிச் செய்து பார்த்தால் என்ன நடக்கும் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது கோப்பியும் போய்க்கொண்டிருந்தது. 1869இல் இலையில் தென்பட்ட துரு நோய் தோட்டம் தோட்டமாகத் தின்றுகொண்டிருந்தது. தேயிலை அப்போதுதான் தலையெடுக்கத் தொடங்கியிருந்தது. இங்கே அம்மையார் எடுத்த படங்களில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கெயர்ன் தோட்டத்துப் பங்களாவில் காலமானார். கோப்பியும் கைவிட்டது, கமராவும் கைவிட்டது. பெயர் மட்டும் நின்றது. தவணைக்குக் கமரா கொடுக்கிற எந்தக் கம்பனியும் பெயரை அடமானமாக ஏற்பதில்லை.

இவ்வளவு சொன்னபிறகு அந்தக் கமராவுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். நானுஓயாப் பக்கம் காலை ஆறரை மணிக்கு மிஞ்சி இருப்பது பனிமூட்டம் மட்டுமே. வெள்ளைக்குப் பின்னால் வெள்ளை, அதற்குப் பின்னால் சாம்பல், எங்கோ ஒரு சவுக்கு மரம். சாதாரண ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். படத்தைக் கொஞ்சம் இருட்டாக்கினாலே பனி வரிவரியாகப் பிளக்கும். மீடியம் ஃபோர்மட்டின் 16 பிட் கோப்பில் 65,536 படிகள் உண்டு. சில்லும் பெரிது என்பதால் நிழலுக்குள் இருக்கும் கறுப்புத் தோலும் வெயிலில் இருக்கும் வெள்ளைத் துண்டும் ஒரே படத்தில் பிழைக்கும். இது விளம்பரக்காரன் பொய் அல்ல. மீற்றர்க் கணக்கில் அச்சடிப்பவருக்கு, ஹோட்டல் சுவருக்குப் படம் செய்பவருக்கு, ஓவியங்களையும் ஏடுகளையும் பிரதியெடுக்கும் நிறுவனத்துக்கு இந்தக் கமரா தகும். தாராளமாக வாங்கட்டும்.

கல்யாண வீட்டில் கதை வேறு. தாலி கட்டுவது ஒரு தடவைதான். மேளக்காரர் கெட்டிமேளம் தட்டி, அட்சதை பறந்து, மாமன்மார் இடையில் தலையை நீட்டும் அந்த மூன்று வினாடியில் கமரா வேகமாகக் குவிய வேண்டும். மீடியம் ஃபோர்மட் கமராக்கள் முன்னைவிடச் சுறுசுறுப்புத்தான். ஆனாலும் பத்திரிகைக்காரர் கையிலிருக்கும் சிறிய கமராவோடு ஓட்டப்பந்தயத்துக்கு வரமாட்டா. சுருக்காத கோப்பு ஒன்றே 200 மெகாபைட் பக்கம் போகும். ஆயிரம் படம் எடுத்தால் நண்பரின் கணினி பிரசவ வார்டுபோல முனகத் தொடங்கும்.

பாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மீடியம் ஃபோர்மட்டின் மிகப் பெரிய விளம்பரம் நிலவுப் பயணம். அப்பல்லோ வீரர்கள் கொண்டுபோனது ஹாசல்பிளாட். படம் எடுத்து முடிந்ததும் பிலிமைக் கழற்றிக்கொண்டு, பாரம் குறையட்டும் என்று 12 கமரா உடம்புகளை நிலவிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். ஹட்டன்காரருக்கு அந்த வசதியும் இல்லை. சிவனொளிபாதமலைக்கு ஏற்றிய கமராவை அவரேதான் இறக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே பூஞ்சணம். தென்மேற்குப் பருவத்தில் வாரக்கணக்கில் வெயில் காணாத ஊரில், அலுமாரிக்குள் சட்டையே பூக்கும்போது லென்ஸ் மட்டும் தப்புமா? கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல வெள்ளை நூல் ஓடினால் 8 இலட்ச ரூபா லென்ஸும் 80 ஆயிர ரூபா லென்ஸும் ஒன்றுதான். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பெட்டி ஒன்று ஹட்டனில் எந்தக் கமராவுக்கும் முன்னால் வாங்க வேண்டியது.

ஆகவே தீர்ப்பு: ஹட்டனில் கல்யாணம் எடுப்பவர் இதை வாங்கத் தேவையில்லை. பெரிய வேலை ஒன்று வந்தால் வாடகைக்கு எடுக்கலாம். வாடகையை அந்த வேலையைக் கொடுப்பவரிடமே வாங்கலாம். நண்பர் தற்போதைக்கு வெளிச்சக் கருவி இரண்டும், ஈரம் புகாத பெட்டி ஒன்றும் வாங்கியிருக்கிறார். மனைவி ஒரே தடவையில் கையெழுத்து வைத்தார்.

வாசகர்களிடம் ஒரு விண்ணப்பமும் உண்டு. உங்கள் ஊரில் மூடிப்போன ஸ்டூடியோ இருந்தால், அதன் பரணில் 120 நெகட்டிவ்கள் இன்னும் சோப்புப் பெட்டிகளில் கிடக்கலாம். குப்பைக்குப் போகுமுன் கேட்டு வாங்கி வையுங்கள். வெள்ளை விளக்குப் பலகைமேல் வைத்து, கையிலிருக்கும் 24 மெகாபிக்சல் கமராவாலேயே அவற்றைப் பிரதியெடுக்கலாம். ஒவ்வொரு உறையிலும் தோட்டத்தின் பெயரும் வருடமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஊரில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.