சிவன் கழுத்துப் பாம்புக்குக் குளிராதா?

கேள்வி: கயிலாயக் குளிரில் சிவன் கழுத்துப் பாம்பு விறைத்துப்போகாதா?

பதில்: அது நாகம். நெற்றிக்கண் பக்கத்திலேயே குடியிருப்பவருக்குக் குளிர் ஏது? அந்த வசதி இல்லாமலே சமாளிப்பது இமாலயக் குழிவிரியன். 4,900 மீட்டர் உயரத்தில்கூடப் பார்த்திருக்கிறார்கள். குளிர்காலம் முழுக்கப் பாறை இடுக்கில் தூக்கம். வெயில் வந்தால் வாசலில் படுத்துக் காயும். அதிக தூரம் போகாது (நம் வீட்டுப் பெரியவர்கள் மாதிரி). அந்தக் குளிரில் முட்டையிட்டால் பொரிய வேண்டாமா? அதனால் நேராகக் குட்டியே போட்டுவிடுகிறது. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள குழி, எலியின் உடல்சூட்டை இருட்டிலும் காட்டிக்கொடுக்கும். கடித்தால் வலியும் வீக்கமும் பலம். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்காகத் தயாராவது. இந்த ஐயா அந்தப் பட்டியலிலேயே இல்லை!