மாமா கப்பலேறினார்

தமிழில் வழக்கமாக மானம்தான் கப்பலேறும். மட்டாஞ்சேரியில் இப்போது மாமாக்கள் ஏறுகிறார்கள்.

எந்த மாமா என்று கேட்காதீர்கள். அங்குள்ள செர்லாய் பக்கம் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். மிளகு, சுக்கு வியாபாரக் கம்பெனியில் கணக்கெழுதியோ வங்கியில் கையெழுத்துப் போட்டோ ஓய்வு பெற்றவர். பிள்ளை துபாயில். அறுபது வயதுவரை தண்ணீர் என்பது அவருக்கு மழைக்காலத்தில் வாசல்படி ஏறும் தொல்லை. எர்ணாகுளம் போகவிடாமல் குறுக்கே கிடக்கும் இடைஞ்சல். அரசு போட்டில் ஏறினால் வேட்டி நனையும் என்று தோப்பும்படிப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போனவர். இத்தனைக்கும் அந்த போட்டுக்கு டிக்கெட் ஒரு சாயா விலைகூட இல்லை. அப்படிப்பட்டவர் பிக்சட் டெபாசிட்டை உடைத்து, மாமியையும் நான்கு பெட்டிகளையும் கூட்டிக்கொண்டு குரூஸ் போய் வந்தார். போனது சில நாள். வந்தது இன்னும் முடியவில்லை.

இந்தப் பயணத்தின் முதல் கட்டம் ஆட்டோவில். வீட்டிலிருந்து வில்லிங்டன் தீவு பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே 2021 பிப்ரவரியில் திறந்த ‘சாகரிகா’ முனையம். விமான நிலையம்போலவே பெட்டியை எக்ஸ்ரேயில் விடுவார்கள். மாமியின் நாரத்தங்காய் ஊறுகாய் அங்கே மாட்டிக்கொண்டதா, தப்பித்துப் போனதா என்பதில் இருவரும் இருவேறு கதை சொல்கிறார்கள்.

ஏறிய கப்பல் கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’. 1990இல் கட்டப்பட்டு, அமெரிக்கக் கம்பெனியொன்றின் கொடியில் நெடுங்காலம் உழைத்து, பிற்பாடு இந்தியாவுக்கு வந்து சேர்ந்த கப்பல். 2021 செப்டம்பரிலிருந்து மும்பையை வீடாக வைத்துக்கொண்டு கோவா, கொச்சி, லட்சத்தீவு என்று சுற்றுகிறது. சர்வீஸ் முடித்து இரண்டாம் வேலை பார்க்கும் ஒருவரை இன்னொருவருக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

“பதினோரு டெக்காக்கும்! நம்ம டச்சுக் கொட்டாரம் எத்தனை மாடி? ரெண்டு!” என்பார் மாமா. பெயர்தான் டச்சு; 1555இல் போர்த்துகீசியர் கட்டிக்கொடுத்த அந்த அரண்மனைக்குள் அவர் கடைசியாகப் போனது பள்ளிக்கூட உல்லாசப் பயணத்தில். அதைப் பார்க்கத்தான் வெளிநாட்டுக் கப்பல்காரர்கள் உலகத்தின் மறு கோடியிலிருந்து வந்து, அரை நாள் அவகாசத்தில் யூதர் தெருவையும் சேர்த்து ஓடி ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்கள் இவர் தெருவைப் பார்க்கக் கப்பலில் வருகிறார்கள். இவர் தெருவைவிட்டுப் போகக் கப்பல் ஏறுகிறார். துறைமுகத்துக்கு இரண்டு பக்கமும் வருமானம்.

திரும்பி வந்த மாமாவை வீட்டில் வைத்துக்கொள்வது சுலபமல்ல. மொட்டைமாடி இப்போது ‘அப்பர் டெக்’. படுக்கையறை ‘கேபின்’. வேகத்தையெல்லாம் நாட் கணக்கில்தான் சொல்கிறார். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஆட்டோவில் போகும்போது “இப்போ பதினஞ்சு நாட் இருக்கும், கேட்டயோ” என்றாராம். அந்தக் கொச்சி ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்து, “நோட்டு வேண்டா சாமி, சில்லற தா” என்றான்.

கப்பலில் ஏறியதும் எல்லோரையும் கூட்டி அபாயப் பயிற்சி நடத்துவார்கள். ஏழு முறை குட்டையாகவும் ஒருமுறை நீளமாகவும் சங்கு ஊதினால் உயிர்காப்பு அங்கியோடு குறித்த இடத்துக்கு வந்துவிட வேண்டும். 2012இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா கவிழ்ந்த பிறகு, கப்பல் புறப்படுவதற்குள் அல்லது புறப்பட்டவுடனேயே இதை நடத்தியாக வேண்டும் என்று விதி. நல்ல விதிதான். ஆனால் மாமி குக்கர் வைத்த ஒரு காலையில், விசில் ஏழைத் தாண்டியதும் மாமா பனியனோடு வாசலில் வந்து நின்றுவிட்டார். அன்றிலிருந்து மூன்று விசிலோடு அடுப்பை அணைத்துவிடுகிறாள். பருப்பு அரைவேக்காடு.

கொச்சியின் வாட்டர் மெட்ரோவையும் விட்டுவைப்பதில்லை. 2023 ஏப்ரலில் தொடங்கியது. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவான மின்கலப் படகுகள். குளிர்சாதனம், கண்ணாடி ஜன்னல், பெரிதாகச் சத்தமும் இல்லை. அதில் ஏறிய மாமா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “பஃபே எங்கே?” என்றார்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. கப்பலில் என்ன பிடித்தது என்று கேட்டால் சூரிய அஸ்தமனம், எல்லையற்ற கடல், மனஅமைதி என்று ஆரம்பிப்பார். அந்த அஸ்தமனம் ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் சீனவலைக்குப் பின்னால் தினமும் காசில்லாமல் நடக்கிறது. ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. இன்னும் பத்து நிமிஷம் பொறுத்திருந்து கேட்டால் பேச்சு தானாக இட்லிக்கு வரும். காலை இட்லியும் உண்டு, அதே மேசையில் பான்கேக்கும் உண்டு. ஜெயின் சாப்பாடு தனி. ராத்திரி கண் விழித்தாலும் ஏதாவது கிடைக்கும். டிக்கெட்டிலேயே சாப்பாடு சேர்ந்துவிட்டதால், காசு வசூலாக வேண்டும் என்ற கணக்கப்பிள்ளைப் புத்தியில், பசி இருக்கிறதா என்று வயிற்றைக் கேட்காமலே தட்டெடுத்தார். சாம்பாரில் காயம் போதாது என்று சமையல்காரரிடம் புகார் சொன்னார். சொல்லிவிட்டு மூன்றாவது முறையும் வாங்கிக்கொண்டார்.

இந்தத் தொழிலின் பூர்வீகமே இதற்குப் பொருத்தம்தான். ஹாம்பர்க் கப்பல் கம்பெனியின் ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் அட்லாண்டிக் தாண்ட ஆள் இல்லாமல் கப்பல் சும்மா நிற்கிறதே என்று 1891இல் ‘அகஸ்டா விக்டோரியா’வில் உல்லாசப் பயணிகளை ஏற்றி மத்தியதரைக் கடலைச் சுற்றிக் காட்டினார். போகவேண்டிய இடம் எதுவும் இல்லாமல் போவதற்கு ஆள் கிடைக்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. பிழைப்புக்காகக் கப்பலேறிய நம் தாத்தாக்களிடம் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்குப் போன ‘ரஜூலா’வில் ஆயிரக்கணக்கானோர் டெக்கில் பாய் விரித்து, வாந்தியும் உப்புக்காற்றுமாகப் போனார்கள். அதே டெக்கில் இப்போது நீச்சல்குளம்.

பழைய நாளுக்குப் போவானேன்? அதே வில்லிங்டன் தீவிலிருந்துதான் லட்சத்தீவுக்காரர்களும் அரசுக் கப்பலில் ஊருக்குப் போகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர், பரீட்சை எழுத வந்த பிள்ளை, அரிசி மூட்டையோடு ஒரு உம்மா. பதினாலு மணி நேரம், பதினெட்டு மணி நேரம், பங்க் கட்டிலில் படுத்துப் பயணம். அவர்களிடம் போய்க் கப்பல் பயணத்தின் இன்பம் என்ன என்று கேட்டால் டிக்கெட் கிடைப்பதுதான் என்பார்கள்.

மாமியிடம் நான் கேட்டேன். அவள் அஸ்தமனத்தைச் சொல்லவில்லை. “கார்த்தால எழுந்தா ‘என்ன சமையல்?’னு யாரும் கேக்கலை. நடுக்கடல்ல சிக்னல் கிடையாது. நாத்தனார் போன் வரலை. யார் வீட்டுக் கிருகப்பிரவேசத்துக்கும் போகவேண்டாம். அவ்வளவுதான், வேற என்ன வேணும்?” குரூஸ் கம்பெனிகளின் விளம்பரங்களில் நான் பார்த்த எதையும்விட இது உண்மை. தப்பித்துப் போகவும் வழியில்லை, தேடி வரவும் ஆளில்லை. நடுத்தரக் குடும்பத்துக்கு இப்படியொரு இடம் கரையில் கிடையாது.

சிக்னல் இல்லாத நாட்களின் பாக்கியை மாமா கொச்சித் துறைமுக வாய்க்குள் கப்பல் நுழைந்ததும் தீர்த்தார். படங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கொட்டின. நடுவில் ஒன்று: பால்கனி, நீலக்கடல், கையில் காபி. “எங்க ரூம் வியூ” என்று கீழே எழுத்து. அது அவர்கள் அறை அல்ல என்பதையும் மாமிதான் சொன்னாள். எடுத்தது விலை குறைந்த உள்ளறை. கப்பலின் வயிற்றுக்குள் இருக்கும், ஜன்னலே கிடையாது. பால்கனி ஒரு குஜராத்திக் குடும்பத்துடையது. படமெடுக்க ஐந்து நிமிஷம் இரவல் கேட்டிருக்கிறார்.

இப்போது மாமா அடுத்த சீசனுக்குக் குழு சேர்க்கிறார். பத்துப் பேர் சேர்ந்தால் தள்ளுபடி கிடைக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். செர்லாயில் அவரைப் பார்த்து நழுவுகிறவர்களின் எண்ணிக்கை கூடிவருகிறது. நழுவ வேண்டாம் என்பதே என் கருத்து. போய் வாருங்கள், தப்பில்லை. மழைக்காலத்தில் வேண்டாம். சேவைக் கட்டணம், துறைமுகக் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்து கடைசியில் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். மாமியையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். ஜன்னலுள்ள அறையாகப் பார்த்து எடுங்கள். இல்லாவிட்டால் அந்த உண்மையையும் அவளே ஊருக்குச் சொல்லிவிடுவாள்.