புளியோதரையும் புலியும்

மிருகக்காட்சி சாலைக்குக் குடும்பத்தோடு போய்வந்தவர்கள் வீடு திரும்பியதும் சொல்லும் முதல் வாக்கியம் அரை நூற்றாண்டில் தலைகீழாகிவிட்டது. அப்போது, "எல்லாம் பார்த்தாச்சு." இப்போது, "ஒண்ணுமே தெரியலை." டிக்கெட் விலை ஏறியிருக்கும் ஏற்றத்தைப் பார்த்தால் இது அநியாயம்தான். புலியிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

எழுபதுகளில் நாங்கள் அரக்கோணத்தில் இருந்தோம். அப்பாவுக்கு ரயில்வே வேலை. பாஸ் இருந்ததால் பட்டணம் பார்ப்பது செலவுக் கணக்கில் வராது. பெரிய லீவுக்குப் பெரியப்பா குடும்பம் வந்து இறங்கும். பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்த சின்ன அத்தை அதற்காகவே ஒரு தாவணியை இஸ்திரி போட்டு எடுத்து வைத்திருப்பாள். விடியற்காலையில் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, கூஜாவில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் எல்.ஐ.சி. கட்டடம், எழும்பூர் மியூசியம், சென்ட்ரலை ஒட்டிய மிருகக்காட்சி சாலை, கடைசியாக மெரினா. மெட்ராஸ்காரர்கள் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார்கள், மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்பார்கள். எங்கள் வீட்டார் ஒரே பகலில் இரண்டு காலேஜிலும் சேர்ந்து, தேறி, மாலை கடற்கரையில் சுண்டலோடு பட்டமளிப்பு விழாவும் நடத்திவிடுவார்கள்.

இரண்டு காலேஜும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். 1855-இல் மியூசியத்தைக் கவனித்துக்கொண்டிருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர், அதன் வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்தார். கூட்டம் கூடியது. பாடம்பண்ணிய புலியைவிடப் பசிக்கிற புலியைப் பார்க்கத்தான் ஜனங்களுக்குப் பிடிக்கும் என்பதை அவர் கண்டுகொண்டார். இடம் போதாமல் போகவே 1860-களில் விலங்குகள் பீப்பிள்ஸ் பார்க்குக்குக் குடிபெயர்ந்தன. பிற்பாடு அந்தப் பக்கத்திலேயே மூர் மார்க்கெட்டும் வந்தது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, சிங்கம், கரடி எல்லாம் கூப்பிடு தூரத்தில் கிடைக்கும் வசதி வேறு எந்த ஊருக்கு வாய்க்கும்?

சிங்கத்துக்கு முன்னால் அதன் வாடை வந்து நம்மை வரவேற்கும். அப்புறம் கம்பிகள். அப்புறம் சிமெண்டுத் தரை. அதில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஐந்தடி, திரும்பினால் ஐந்தடி என்று நடந்துகொண்டிருக்கும் சிங்கம். திரும்பும் இடத்தில் மட்டும் தரை வழவழவென்று கறுத்திருக்கும். சிங்கம் படுத்துவிட்டால் பெரியப்பாவுக்குப் பொறுக்காது. "காசு கொடுத்திருக்கோம்ல?" என்று குடையால் தடுப்புக் கம்பியில் நாலு தட்டு தட்டுவார். சுற்றி நிற்பவர்களும் பொதுக்காரியம்போல் கைதட்டி உதவுவார்கள். கடைசியில் அது எழுந்து ஒரு கர்ஜனை விடும். அதே நேரம் சென்ட்ரல் பக்கமிருந்து இன்ஜின் ஒன்று கூவும். அப்பா சட்டென்று திரும்பி, "டபிள்யூ.பி. இன்ஜின்டா!" என்பார். சிங்கத்தை அவர் சரியாகப் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை.

குரங்குக் கூண்டு அத்தையின் ராஜ்யம். பொட்டலத்திலிருந்து வேர்க்கடலையை ஒவ்வொன்றாக நீட்டுவாள். குரங்கு வாங்கித் தோலை உரித்து, பருப்பைத் தின்று, தோலை எங்கள் பக்கம் போடும். இரண்டு தரப்பும் ஒரே மாதிரி குப்பை போட்டதால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. "உணவளிக்காதீர்" என்ற பலகை இருந்தால்கூட, அது வேறு யாருக்கோ எழுதியது என்றுதான் குடும்பம் எடுத்துக்கொள்ளும்.

புலிக் கூண்டுக்கு முன் பெரியப்பா ஒரு கதை சொல்வார். யுத்த காலத்தில் அவர் சின்னப் பையன். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வந்துவிடுவான், குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டி ஊருக்கு ஓடியது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் மிருகங்கள் வெளியே வந்து ஆட்களைக் கடித்துவிடுமே என்று, சிங்கம், புலி, கரடி முதலானவற்றை அரசாங்கமே சுட்டுக் கொன்றது. பெரியப்பா இதை வேர்க்கடலை மென்றபடியே சொல்வார். மனிதர்களைத் தின்றுவிடும் என்ற பயம், தின்பதற்கு மனிதர்களே மிச்சமில்லாத ஊரில். எங்கள் குடும்பத்துக்கு அதில் நகைமுரண் எதுவும் தட்டுப்படவில்லை. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்புறம் புதுசு எப்ப வாங்கினாங்க?"

பிறகு நாடே மாறத் தொடங்கியது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நகரத்தின் நெரிசலிலும் இரைச்சலிலும் இனி விலங்குகளை வைத்திருக்க முடியாது என்று முடிவாகி, வண்டலூர்க் காப்புக்காட்டில் இடம் ஒதுக்கினார்கள். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்து போனது. அதே ஆண்டு ஜூலை 24-ஆம் தேதி எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்து வைத்தார். ஐந்நூறு ஹெக்டேருக்கு மேல் காடு. கம்பிக்குப் பதில் அகழி. பழைய ராஜாக்கள் தங்களைக் காத்துக்கொள்ள வெட்டியதை இப்போது சிங்கத்துக்கு வெட்டிக் கொடுத்திருந்தார்கள்.

அப்பாவை முதன்முதலாக அங்கே கூட்டிக்கொண்டு போனபோது அவர் மிகவும் குழம்பிப்போனார். பாறை இருந்தது, புல் இருந்தது, மரம் இருந்தது, அகழி இருந்தது. "கூண்டு எங்கேடா?" என்றார். கூண்டு இல்லை, இப்படித்தான் விடுவார்கள் என்றேன். "கூண்டே இல்லேன்னா உள்ளே புலி இருக்குன்னு எப்படி நம்பறது?" கொஞ்ச நேரம் நின்று பார்த்தோம். தூரத்துப் புதருக்குள் ஏதோ அசைந்தது. மூங்கில் என்றார் அப்பா. வால் என்றேன் நான். வழக்கு இன்றுவரை தீர்ப்பாகவில்லை. ரயில் சத்தமும் அங்கே சன்னமாகத்தான் கேட்டது. அவருக்கு அந்த இடம் பிடிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

சென்ற மாதம் மகள், மாப்பிள்ளை, பேத்தி, அத்தை எல்லோருமாக மறுபடி போனோம். அத்தைக்கு எழுபது வயது, முழங்கால் வலி. அதனால் பேட்டரி கார். டிக்கெட்டை மாப்பிள்ளை முந்தின இரவே செல்போனில் எடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை வார விடுமுறை என்பதையும் அவர்தான் சொன்னார். அத்தைக்கு வியப்புத் தாங்கவில்லை. "புலிக்கு வாரம் ஒரு நாள் லீவா? எனக்குக் கல்யாணமானதிலேருந்து ஒரு நாள் கிடைச்சதில்லையே!"

வாசலில் பையைச் சோதித்து பிளாஸ்டிக் உண்டா என்று பார்த்தார்கள். அப்போதெல்லாம் விலங்குகளைத்தான் உள்ளே விடுமுன் சோதிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சிங்க உலாவுக்கு வலை அடித்த வண்டி. நாங்கள் வலைக்குள், சிங்கம் வெளியே மரத்தடியில். எங்கள் வண்டி வருவதை அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது, தெரிந்தவர்கள்தான் என்று மூடிக்கொண்டது. வண்டிக்குள் ஒருவர் கைதட்டினார். பெரியப்பாவின் வம்சம் முற்றிலும் அழிந்துவிடவில்லை. ஓட்டுநர் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டது. உள்ளே இருப்பவர்கள் ஒழுங்காக இருக்கிறார்களா என்று கவனிக்க ஓர் ஆள் வேண்டும் என்பது மட்டும் மாறவே இல்லை.

வெள்ளைப் புலியிடத்தில்தான் நல்ல கூட்டம். அது தனி இனம் என்று பலரும் நினைக்கிறார்கள். மரபணுவில் நேர்ந்த ஒரு நிற மாற்றம், அவ்வளவுதான். 1951-இல் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற ஒரு குட்டியின் சந்ததிகள்தான் பெரும்பாலும் இன்று ஊர் ஊராக இருக்கின்றன. இதை நான் எடுத்துச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, ஏனெனில் எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். புலியும் முதுகைக் காட்டித்தான் படுத்திருந்தது. ஒரு பொழுது முழுக்க இரண்டு இனமும் ஒன்றையொன்று பார்க்காமலே அமைதியாக உறவாடின. பேத்தி படத்தைப் பெரிதாக்கி, "தாத்தா, இதோ காது!" என்றாள். எதிரில் புலி இருக்க, அவள் திரையில் தேடிக் கண்டுபிடித்தாள்.

காணும் பொங்கலன்று வந்தால் இன்னும் விசேஷம். மெரினாவில் செய்வதுபோல், கூட்டத்தில் தொலைந்துவிடாமலிருக்கக் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோர் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டுவார்கள். கோடியக்கரையில் வலசைப் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விடுவார்கள், எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று அறிய. காணும் பொங்கல் கூட்டத்துக்கும் அதே ஏற்பாடுதான். வளையம் மாட்டிய பறவையாவது வழி தவறாமல் போய்ச் சேர்ந்துவிடும்.

சரணாலயங்களின் கதையும் இதுதான். வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று ஊரார் முறையிட, 1798-இலேயே கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்புக் கொடுத்தார். ஊராருக்கு அது வெறும் தர்மகாரியமில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். இரு நூற்றாண்டுக்கு மேலாக நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்காக அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசைக்கூட விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். மார்கழி ஞாயிறு ஒன்றில் நாங்கள் போனபோது கரைமேல் ஒரு கும்பல் ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு போட்டுவிட்டு, "பறவை கொஞ்சமாத்தான் இருக்கு" என்று குறைபட்டது. மரமெல்லாம் நத்தைகுத்தி நாரை. பறவைகள் எங்களை எண்ணியிருந்தால் கொஞ்சம் அதிகம் என்றே சொல்லியிருக்கும்.

முதுமலைக்குப் போவதென்றால் இப்போது நீலகிரிக்கே இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இந்த ஏற்பாடு. பண்டிப்பூர்ச் சாலையில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை வண்டிகளை விடமாட்டார்கள். யானைக்கு இ-பாஸ் கிடையாது, ஊரடங்கும் கிடையாது. வனத்துறை வண்டியில் ஏறி ஒரு சுற்று வந்தோம். புள்ளிமான்கள் கூட்டம் கூட்டமாக நின்றன. முதல் கூட்டத்துக்கு "ஆகா", இரண்டாவதுக்கு "ம்", மூன்றாவதுக்கு வண்டியை நிறுத்த வேண்டாம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். ஒரு காட்டுமாடு எங்களை நிதானமாக ஏற இறங்கப் பார்த்தது. இறங்கியதும் அடுத்த வண்டிக்குக் காத்திருந்தவர்கள் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "புலி பார்த்தீங்களா?" இல்லை என்றதும் துக்கம் விசாரிக்கிற முகம் வந்துவிட்டது அவர்களுக்கு.

மாலையில் தெப்பக்காடு முகாமில் யானைகளுக்குக் கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்துக் கவளமாகப் பிடித்துக் கொடுப்பதைப் பார்த்தோம். 2023-இல் ஆஸ்கர் வாங்கிய படத்தில் வந்த ரகு எது என்று ஜனங்கள் ஒவ்வொரு யானையாகக் காட்டிக் கேட்டார்கள். மற்ற யானைகள் மனம் வருந்தாமல் தின்றன. நேரத்துக்குச் சாப்பாடு, கூட யார் நிற்கிறார்கள் என்பதில் அக்கறையில்லாமை: அத்தை இதை வெகுவாகப் பாராட்டினாள்.

யோசித்துப் பார்த்தால் கணக்கு எளிதுதான். அடைத்து வைத்திருந்தவரை எல்லாம் தெரிந்தது. ஒளிந்துகொள்ள நாலு புதர் கொடுத்ததும் அவை ஒளிந்துகொண்டன. ஆகவே "ஒண்ணுமே தெரியலை" என்று ஒரு குடும்பம் அலுத்துக்கொண்டு திரும்பினால், அந்த இடம் ஓரளவு ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். புலிக்கு நல்லது நடக்கிறது என்பதை அறிய நமக்கிருக்கும் ஒரே அளவுகோல் நம்முடைய ஏமாற்றம். இந்தத் தத்துவத்தை நான் ஊர் திரும்பும் வழியில் வண்டியில் விளக்கினேன். மாப்பிள்ளை மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, "அதுக்குத்தான் மாமா, அடுத்த வருஷம் சிங்கப்பூர் நைட் சஃபாரி போயிடலாம். ராத்திரியிலே லைட் போட்டுக் காட்டுவாங்க. நிச்சயமா தெரியும்" என்றார். முதுமலையில் இரவானால் போகாதே என்கிறார்கள், அங்கே இரவானால்தான் டிக்கெட் கொடுக்கிறார்கள். உலகம் எல்லா ருசிக்கும் இடம் வைத்திருக்கிறது. பேத்தி உற்சாகமாகக் கைதட்டினாள். மகள் விமானக் கட்டணம் பார்க்கத் தொடங்கினாள்.

பின் சீட்டில் அத்தை மட்டும் தீவிர யோசனையில் இருந்தாள். கடைசியில் மாப்பிள்ளையிடம் கேட்டாள்: "அங்கே புளியோதரை கட்டிண்டு போனா உள்ளே விடுவாளா?"