நாலரை நட்சத்திரக் கிரைண்டர்

எங்கள் பெரியப்பா மின்வாரியத்தில் ஃபோர்மேன். அந்த ஒரு தகுதி போதும். பிளக் வைத்த எந்தச் சாமானை வாங்குவதானாலும் எங்கள் வளவில் அவரைக் கேட்காமல் யாரும் கடைப்படி ஏறியதில்லை. டேபிள் ஃபேன், இஸ்திரிப்பெட்டி, ரேடியோ எல்லாம் அவர் சொன்னதுதான். மிக்ஸியைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லாததால், எங்கள் வளவுக்குள் மிக்ஸி ரொம்பத் தாமதமாகத்தான் நுழைந்தது.

கபில்தேவ் கோப்பையைத் தூக்கிய 1983-இல் எங்கள் வீட்டுக்குக் கிரைண்டர் வாங்குவதென்று முடிவாயிற்று. கோயம்புத்தூரில் அது லேசான காரியம் இல்லை. 1955-இல் பி. சபாபதி முதல் கிரைண்டரைச் செய்தது இந்த ஊரில்தான். பின்னாளில் கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. கிரைண்டர் செய்கிற ஊரில் கிரைண்டர் வாங்குகிறவன் பாடு கஷ்டம். தெருவுக்கு நாலு பட்டறை, பட்டறைக்கு நாலு கருத்து. அத்தனை கருத்துக்கும் மேலே ஒரு தீர்ப்பு வேண்டியிருந்ததால்தான் பெரியப்பாவுக்கு அவ்வளவு மரியாதை.

கடையில் அவர் உட்கார மாட்டார். கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க ஃபோர்மேன்" என்பார். இவர் காதில் வாங்காமல் நேரே கிரைண்டரிடம் போவார். வெறுமனே ஓட விட்டு, பாடியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சற்று நேரம் கழித்து, "பேரிங் பேசுது" என்பார். எங்கள் யார் காதிலும் அது பேசியதில்லை. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் இன்னொன்றை ஓட விடுவார். அடுத்தது கல். குழவியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, உட்பக்கக் கல்லை நகத்தால் ஒரு சுற்று கீறிப் பார்த்து, "கொத்துப் போட்டது யாருங்க?" என்று கேட்பார். "நம்ம ஆளுங்கதானுங்க, ஊத்துக்குளிக் கல்லுங்க" என்று பதில் வரும். "மொத ரெண்டு ஆட்டு மாவக் கீழ கொட்டிரோணும், கல்லுப்பொடி வரும்" என்று எங்கள் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு, பில் போடச் சொல்லிச் சாடை காட்டுவார். தீர்ப்பு ஆயிற்று.

இத்தனைக்கும், அந்தக் கிரைண்டரில் மாவாட்டப் போகிற என் அம்மா, பணத்தைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றிருந்தார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குழவியைத் தூக்கிப் பார்த்திருப்பார். பெரியப்பா அனாயாசமாகத் தூக்கிய குழவியை அம்மாவால் இரண்டு கையாலும் அசைக்க முடியவில்லை. ஆட்டுகிற நாளெல்லாம் அப்பா ஆபீசுக்குக் கிளம்புமுன் அதைத் தூக்கிக் கழுவி வைத்துவிட்டுப் போக வேண்டியதாயிற்று. பேரிங் பேசுவது கேட்ட நிபுணருக்கு, வாசலில் நின்ற மணிக்கட்டு கண்ணில் படவில்லை.

அந்தத் தீபாவளிக்குக் கடையிலிருந்து பெரியப்பாவுக்கு ஒரு ஜரிகை வேட்டி வந்தது. கொண்டுவந்த பையன் வாசல் மாறி எங்கள் கதவைத் தட்டியதால்தான் விஷயமே தெரிந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வாங்கி, பக்கத்து வாசலில் கொடுத்துவிட்டு வந்தார். ஆனால் அதற்குப் பிறகு பெரியப்பா எந்தக் கடையைச் சொன்னாலும், மனசுக்குள் ஒரு வேட்டியின் விலையைக் கழித்துக்கொண்டுதான் கேட்டார். கழித்த பிறகும் பெரியப்பாவின் பேச்சில் கணிசமாக மிச்சம் இருந்தது. அந்தக் கிரைண்டர் இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது.

பெரியப்பாக்களை நம்பாத குடும்பங்களும் இருந்தன. அவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரையை நம்பினார்கள். 1947-இல் தொடங்கிய அந்தத் தர நிறுவனம் 1987-இல் பி.ஐ.எஸ். என்று பெயர் மாற்றிக்கொண்ட பிறகும், சனங்கள் வாயில் இன்றைக்கும் அது ஐ.எஸ்.ஐ.தான். முத்திரைக்கு யாரும் வேட்டி எடுத்துக் கொடுக்க முடியாது என்பது அவர்கள் கட்சி. முத்திரையையே போலியாகக் குத்துகிறவர்கள் இருந்தார்கள் என்பதை அவர்களிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

இப்போது என் மகள் பெங்களூரில் குடித்தனம் செய்கிறாள். போன மாதம் போன் பண்ணினாள். "அப்பா, டேபிள் டாப் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். நாலரை ஸ்டார்ப்பா. ஒம்பதாயிரம் பேர் போட்டிருக்காங்க."

ஒன்பதாயிரம் பெரியப்பாக்கள்! அதிலும் ஒருத்தருக்கும் ஸ்டூல் போட வேண்டியதில்லை. "லிங்க் அனுப்பு கண்ணு" என்றேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

பேக்கிங் அருமை, ஐந்து நட்சத்திரம். இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை, பார்க்க நன்றாக இருக்கிறது, ஐந்து. டெலிவரி பையன் மாடிக்குக் கொண்டுவர மாட்டேன் என்றான், ஒன்று. ஊரில் இருக்கும் மாமியாருக்குப் பரிசாக அனுப்பினேன், அவர் ஒன்றும் குறை சொல்லவில்லை, ஐந்து. (அந்த மாமியாரை அறிந்தவர்கள் அதற்கு ஆறு கொடுப்பார்கள்.) கலர் படத்தில் பார்த்த சிவப்பு இல்லை, இரண்டு. நடுவில் ஒருவர், தன் போனுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது, பட்டன்களும் தடையில்லாமல் வேலை செய்கின்றன என்று எழுதியிருந்தார். தப்பாக வந்து விழுந்ததில்லை அது. எப்போதோ போன் உறை விற்ற பக்கத்தில், வாங்கின பாராட்டுகளையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு, சரக்கை மட்டும் மாற்றிவிடுகிற வித்தை இந்த வியாபாரத்தில் உண்டு. கிரைண்டருக்கு எழுதாத பாராட்டும் கிரைண்டர் கணக்கில் சேரும்.

ரொம்ப தூரம் கீழே போன பிறகு ஒரு அம்மாள் மூன்று நட்சத்திரம் கொடுத்திருந்தார். அரிசி நன்றாக அரைகிறது, உளுந்து பொங்கி மூடி வழியாக வழிகிறது, ஒயர் குட்டை, என் சமையல்கட்டில் பிளக் எட்டவில்லை, கல்லைக் கழற்றிக் கழுவ மணிக்கட்டு இடம் கொடுக்கவில்லை. என் அம்மா இருந்திருந்தால் அதன் அடியில் கையெழுத்துப் போட்டிருப்பார். 1983-இல் கடை வாசலிலேயே நின்றுவிட்ட குரல் அது. இதற்காக மட்டும் அந்த ஒன்பதாயிரம் பேரையும் சகித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஒயரின் நீளத்தைப் பெரியப்பா ஒருநாளும் அளந்ததில்லை.

ஆனால் ஒன்று. அந்த அம்மாள் உட்பட எல்லாரும் எழுதியது வாங்கிய சூட்டில். பத்தாம் வருஷத்தில் பேரிங் என்ன பேசும் என்று எழுத ஒருவரும் திரும்பி வருவதில்லை. அதற்குள் அந்த மாடலே சந்தையில் இருக்காது. நட்சத்திரங்களையும் பரிசோதனைக்கூடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். 2016-இல் வெளியான ஆய்வு அது. 120 வகைகளில் 1,272 பொருள்களை எடுத்துக்கொண்டு, அமேசான் நட்சத்திரச் சராசரியை அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பரிசோதித்துக் கொடுத்த மதிப்பெண்ணோடு ஒப்பிட்டார்கள். 1936-இல் தொடங்கிய அமைப்பு அது. விளம்பரம் வாங்குவதில்லை, சோதிக்கிற சாமானையும் கடையில் காசு கொடுத்தே வாங்குகிறது. அதாவது, வேட்டி வாங்காத பெரியப்பா. நட்சத்திரத்துக்கும் அந்த மதிப்பெண்ணுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. விலை கூடின பொருளுக்கும் பேர் பெற்ற பிராண்டுக்கும் நட்சத்திரம் தாராளமாக விழுந்திருந்தது. கொடுத்த காசு வீண்போகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஐந்து நட்சத்திரம் நல்ல வழிதானே!

எழுதுகிறவர்களும் இரண்டு ஜாதி: பூரித்தவர்கள், கொதித்தவர்கள். இட்லி சுமாராக வந்தது என்று எழுத யாருக்கும் பொழுதில்லை.

வேட்டி விஷயம் என்ன ஆயிற்று என்றால், அது இப்போது பெட்டிக்குள்ளேயே வருகிறது. மகள் வாங்கிய கிரைண்டரோடு ஒரு வழவழப்பான அட்டை இருந்தது: ஐந்து நட்சத்திரம் போட்டு, போட்டதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 100 ரூபாய். "போட்டுட்டேன்ப்பா, நூறு ரூபாதான, எதுக்கு விடணும்" என்றாள். அரிசி ஊறவே போடவில்லை அப்போது. ஒன்பதாயிரத்தோடு இன்னொன்று சேர்ந்தது. பெரியப்பாவின் வேட்டியாவது எங்களுக்குத் தெரிந்த வேட்டி. எவ்வளவு கழிக்க வேண்டும் என்று அம்மாவுக்குக் கணக்கு இருந்தது. இந்த ஒன்பதாயிரம் பேரில் யார் கட்டியிருக்கிறார்கள், யார் கட்டவில்லை என்று எந்த வாசலில் நின்று பார்ப்பது?

இது வீட்டுக் கைத்தொழில் அளவில் நிற்கவில்லை. காசுக்குப் பாராட்டு எழுதித் தருகிறவர்கள் என்று 1,114 பேர் மேல் அமேசானே 2015-இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. 2022-இல், இதற்கென்றே நடந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் குழுக்களின் நிர்வாகிகள் மேல் இன்னொரு வழக்கு. 2020-இல் அமெரிக்க வீடுகளுக்குச் சீனாவிலிருந்து யாரும் கேட்காத விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்து சேர்ந்தன. ஏதோ சதி என்று ஊரே பதறியது. விற்றதாகக் கணக்குக் காட்டி, வாங்கியவர் பேரில் பாராட்டு எழுதிக்கொள்கிற தந்திரமாக இருக்கும் என்றது வேளாண் துறை. இதெல்லாம் கிடக்கட்டும், 2017-இல் லண்டனில் ஒரு இளைஞர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று பதிவு செய்து, நண்பர்களை விட்டுப் புகழ்ந்து எழுதவைத்து, டிரிப்அட்வைசரில் லண்டனின் முதல் இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார். அடுப்பு பற்றவைக்காத உணவகம்!

நம் அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2022 நவம்பரில் பி.ஐ.எஸ். இணைய விமர்சனங்களுக்கே ஒரு தரநிலை வெளியிட்டது, ஐ.எஸ். 19000. குக்கருக்கு ஐ.எஸ். 2347 என்றால் அபிப்பிராயத்துக்கு ஐ.எஸ். 19000. வித்தியாசம் ஒன்றுதான்: குக்கருக்கு முத்திரை கட்டாயம், அபிப்பிராயத்துக்கு அவரவர் இஷ்டம். அந்தக் கட்டாயம் 2021 பிப்ரவரியில் வந்த பிறகும் முத்திரையில்லாத குக்கர்கள் ஆன்லைனில் விற்றுக்கொண்டிருந்தன. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், அமேசான் வழியாக விற்ற 2,265 குக்கர்களையும் பிளிப்கார்ட் வழியாக விற்ற 598 குக்கர்களையும் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுக்கச் சொல்லி, ஆளுக்கு ஒரு லட்சம் அபராதமும் போட்டது. குக்கரின் சேஃப்டி வால்வைச் சோதிக்க வாங்கினவர் யாரிடமும் கருவி இல்லை. தோசை கல்லில் ஒட்டினால் நமக்குத் தெரியும். வால்வு ஒட்டினால் தெரியும்போது காலம் கடந்திருக்கும். இந்த மாதிரிச் சாமானுக்கு ஒன்பதாயிரம் பேரைவிட, கோட்டு போட்டுக்கொண்டு அழுத்தம் அளக்கிற ஒரு ஆள் போதும் என்பது என் கட்சி.

இன்றைய நிபுணர்கள் வீடியோவில் இருக்கிறார்கள். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு சொன்னதை இவர்கள் கேமராவைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார்கள், கடைசியில் "லிங்க் கீழ குடுத்திருக்கேன் நண்பர்களே" என்று முடிக்கிறார்கள். அந்த லிங்க்தான் ஜரிகைக் கரை. பல பேர் அதை வெளிப்படையாகச் சொல்லியும் விடுகிறார்கள்; அந்த வகையில் பெரியப்பாவைவிட மேல்.

எனக்குத் தெரிந்து மிச்சமிருக்கிற ஒரே நேரடி நிபுணர், எங்கள் பேட்டையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் தம்பி. எங்கள் வீட்டுக் கிரைண்டருக்குப் பெல்ட் மாற்றக் கொண்டுபோனபோது பேச்சுக் கொடுத்தேன். கடை முழுக்கக் காயில் எரிந்த மோட்டார்கள்.

"உங்ககிட்ட எந்தக் கம்பெனி அதிகமா வருது தம்பி?"

மோட்டாரிலிருந்து தலையைத் தூக்காமல் ஒரு பேர் சொன்னார். மகள் வாங்கியது அதேதான்.

"அப்ப அது மோசமா?"

"அதெப்படிங்க? ஊர்ல அதுதான ஜாஸ்தி வித்திருக்கு, அதனால அதுதான் ஜாஸ்தி வருது. இங்க வராத கம்பெனி ரெண்டு வகைங்க. ஒண்ணு நல்லதா இருக்கும், இல்லாட்டி யாரும் வாங்காததா இருக்கும். ஸ்பேர் கெடைக்குமான்னு பாருங்க, அது போதும். பெல்ட்டு, புஷ்ஷு கெடைச்சா எந்தக் கெரைண்டரும் ஓடுமுங்க."

ஆராய்ச்சிக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை க்ரீஸ் கையோடு சொல்லிவிட்டார். பெல்ட்டுக்குப் பணம் கொடுக்கப் போனால், பணம் அனுப்புகிற அட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு அட்டையை நீட்டினார். கூகிளில் அவர் கடைக்கு விமர்சனம் எழுதுகிற அட்டை.

"ஒண்ணு போட்டு உடுங்ணா. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதுசா ஒருத்தன் கட போட்டிருக்கான். மூணே மாசத்துல எரநூறு பேர் போட்டிருக்காங்க, எல்லாம் வடக்கத்திப் பேரு. அவங்க ஊர்ல ஏதுங்க கிரைண்டரு?"

நான் போனை எடுத்து ஐந்தாவது நட்சத்திரத்தின் மேல் விரலைக் கொண்டுபோனேன். "அஞ்சு வேண்டாமுங்ணா" என்று தடுத்தார். "அஞ்சு போட்டா காசு குடுத்துப் போட்டதும்பாங்க. நாலு போடுங்க. 'வேல சுத்தம், ஆனா சொன்ன நாளைக்குத் தர மாட்டாரு'ன்னு எழுதுங்க. நெசமாட்ட இருக்கும்."

"நெசமே அதுதான தம்பி. வெள்ளிக்கிழம தர்றேன்னு சொன்னதுக்கு இன்னைக்குச் செவ்வாய்க்கிழம."

"அதையும் சேத்திக்குங்க" என்றார்.