முதற்பொட்டலம்

ஈப்போவின் லிட்டில் இந்தியாவில், பூமாலைக் கடைகளுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் நடுவே உள்ள ஓர் உணவகத்தில், மழை விடாத ஒரு மாலைப்பொழுதில், இலக்கிய ஸ்தாபனம் ஒன்றின் நெடுநாள் காரியதரிசியாகிய பெரியவர் ஒருவரும், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து, அத்தோட்டம் செம்பனைக் காடாகிவிட்ட பிறகு புந்தோங்கில் குடியேறிக் கதை எழுதிவரும் ஓர் அம்மையாரும் நிகழ்த்திய சம்பாஷணை இது. பக்கத்து மேசைக்காரன் என்ற ஒரே தகுதியால் இதைப் பதிவு செய்கிறேன். இருவரில் எவரும் குரலைத் தாழ்த்திப் பேசும் பழக்கம் உடையவரல்லர்.

காரியதரிசி: அம்மா, தங்களைப் பற்றி ஒரு செய்தி காதுக்கு எட்டியது, எட்டிய நாள்முதல் எனக்கு உறக்கமில்லை. 1917-ஆம் ஆண்டிலே க. வெங்கடரத்தினம் ‘கருணாசாகரன்’ என்னும் நாவலை எழுதி இந்நாட்டுத் தமிழ்ப் புனைகதைக்குப் பிள்ளையார் சுழி போட்டாரே, அன்று தொடங்கி நூறாண்டுக்கு மேலாக எத்தனையோ பேர் பட்டினி கிடந்து வளர்த்த இலக்கியத்தைத் தாங்கள் கச்சாங் பூத்தே கடலை மடிக்கும் காகிதத்தில் அச்சிட்டு விற்கிறீர்களாமே, அது மெய்தானா?

கதாசிரியை: மெய்தான் ஐயா. கடலை என்றதும் ஈப்போக்காரர் வாயில் முதலில் வருகிற பெயர் புந்தோங். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற பேதமின்றி எல்லாரும் காரை நிறுத்திவிட்டு இறங்குகிற இடம் அது. ஜனங்கள் தாமாகவே வந்து நிற்கிற இடத்துக்குக் கதையும் போய் நிற்கட்டுமே என்று நினைத்தேன். மசி கடலையில் ஒட்டாதிருக்க உள்ளே ஒரு வெள்ளைத் தாளும் வைக்கிறோம். சுகாதார இலாகாவையும் தமிழ்த்தாயையும் ஒரே சமயத்தில் பகைத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை.

காரியதரிசி: அதற்கென்று ஒரு சம்பிரதாயம் இல்லையா? மண்டபத்தை அலங்கரித்து, குத்துவிளக்கேற்றி, தமிழ் வாழ்த்துப் பாடி, வரவேற்புரைக்குப் பின் தலைமையுரையும் அதற்குப் பின் சிறப்புரையும் அதற்கும் பின் வாழ்த்துரைகள் ஏழெட்டும் நிகழ்ந்து, ஆறு மணிக்கு வருவதாக வாக்களித்த டத்தோ அவர்கள் எட்டு மணிக்கு எழுந்தருளி, அவருக்குப் பொன்னாடை போர்த்தி, அவர் முதற்பிரதியை வாங்கிக்கொண்டு பண உறையை நீட்டும் அந்தக் கணத்தில் புகைப்படக்காரர்கள் மொய்த்துக்கொள்வார்களே, அப்பொழுதல்லவா ஒரு நூல் ஜனனமாகிறது!

கதாசிரியை: அந்தக் கணத்தில் நூலாசிரியர் எங்கே இருப்பார், ஐயா?

காரியதரிசி: பின்வரிசையில் இருப்பார். கடைசியில் அவருக்கும் ஏற்புரை உண்டு. மண்டபத்தை ஒப்படைக்கும் நேரம் நெருங்கிவிடுவதாலும் பீகூன் ஆறிவிடுவதாலும் இரண்டு நிமிஷம் கொடுப்போம்.

கதாசிரியை: நானும் அப்படிப் பிறந்தவள்தான். என் முதல் புத்தகத்தின் வெளியீட்டில் உறைகள் நிறைந்தன. அச்சகக் கடன் தீர்ந்தது. அதற்காக நான் நன்றி மறக்கவில்லை. ஆனால் கூட்டம் கலைந்தபின் நாற்காலிகளை அடுக்க வந்த பையன், ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு புத்தகம் மறந்துவிடப்பட்டிருப்பதாகச் சொல்லி, அவற்றை ஒரு கட்டாகக் கட்டி என்னிடமே தந்தான். பணம் கொடுத்தவர்கள் எனக்குக் கொடுத்தார்கள். புத்தகத்தை யாரும் வாங்கவில்லை. மிச்சப் பெட்டிகள் இன்றைக்கும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. கரையானுக்கு மட்டும் வாசிப்புப் பழக்கம் குன்றவேயில்லை.

(இவ்விடத்தில் பெரியவர் தேநீரைக் கலக்கத் தொடங்கினார். அதில் சர்க்கரை போட்டிருக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.)

காரியதரிசி: இருக்கலாம். ஆயினும் தன் சரக்குக்குத் தானே தண்டோரா போடுவது எழுத்தாளனுக்கு அழகன்று. மகாகவி எவராவது இப்படித் தெருவில் இறங்கியதுண்டா?

கதாசிரியை: பாரதியார் இறங்கினாரே. 1920-இல் கடையத்தில் இருந்துகொண்டு, தம் எழுத்துக்களை நாற்பது புத்தகங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதி, ஆக நான்கு லட்சம் பிரதி அச்சிடப்போவதாகவும், அதற்குக் கடனாகப் பணம் அனுப்புமாறும் சுற்றறிக்கை விடுத்தார். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் விலைபோவதைக் காட்டிலும் தம் நூல்கள் சாதாரணமாக விலைபோகும் என்று அதிலே நம்பிக்கையும் தெரிவித்தார். பொன்னாடை விற்கிற கடையை அவர் நினைக்கவில்லை. மளிகைக் கடையைத்தான் நினைத்தார்.

காரியதரிசி: அந்தத் திட்டம் நிறைவேறவில்லையே!

கதாசிரியை: நிறைவேறவில்லை, மறு ஆண்டே அவரும் போய்விட்டார். தீப்பெட்டிக் கணக்கு தப்பென்று அதனால் ஆகிவிடுமா? சென்னைக் குஜிலிக் கடைத்தெருவிலே கொலைச் சிந்துகளையும் ரயில் விபத்துச் சிந்துகளையும் பாடிப் பாடியே விற்றார்கள். கேட்டவர்கள் ராகம் மறந்துபோவதற்குள் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். பிரான்ஸ் தேசத்து மாப்பஸான் 1887-இல், தம் கதையின் பெயரையே ஒரு பலூனுக்குச் சூட்டி, அதில் தாமும் ஏறிப் பாரிஸிலிருந்து பெல்ஜியம் வரையில் பறந்தார். அமெரிக்காவில் வால்ட் விட்மன் 1855-இல் தம் கவிதை நூலுக்குத் தாமே மதிப்புரை எழுதிப் பெயர் போடாமல் பத்திரிகைக்கு அனுப்பினார்.

காரியதரிசி: (நாற்காலியை முன்னே இழுத்து) தாமே எழுதினாரா? பாராட்டியா?

கதாசிரியை: தாராளமாகப் பாராட்டி.

காரியதரிசி: மகான்! என் மணிவிழா மலரில் வந்த வாழ்த்துரைகளைக் குறித்துச் சிலர் வீண் பேச்சுப் பேசினார்கள்; அவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பலூன் விஷயமும் கௌரவமானதே. 2016-இல் ‘கபாலி’ படத்துக்காக ஏர் ஏசியா விமானத்தின் மேனியில் ரஜினிகாந்தின் உருவத்தைத் தீட்டிப் பறக்கவிட்டார்களே, அப்படி ஏதேனும் என்றால் நானே தலைமை வகிப்பேன். ஆகாயத்தில் பறப்பது வேறு, கடலையில் கிடப்பது வேறு.

கதாசிரியை: எனக்கு விமானம் ஏது ஐயா? எனக்குக் கிடைத்தது, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களம். நான் பிறந்த தோட்டத்தில் லயங்கள் போய்விட்டன, பால் ஸ்டோர் போய்விட்டது. மாரியம்மன் மட்டும் இருக்கிறாள். ஈப்போவிலும் கிள்ளானிலும் ஜோகூரிலும் தாமான்களில் சிதறிப்போன சனம் அவளுடைய திருவிழாவுக்கு வந்து கூடுகிறது. பூசை முடிந்து சோறு இறங்குவதற்குள் ஒரு வெறும் பொழுது வருமே, அப்பொழுது நான் கிராணியாரைப் போலப் பெரிய நோட்டை விரித்துக்கொண்டு, பழைய பெரட்டுக்களத்தில் நின்று, என் கதையிலே வருகிற பாத்திரங்களின் பெயர்களை வரிசையாகக் கூப்பிடுவேன்.

காரியதரிசி: பாத்திரங்களையா? யார் பதில் சொல்வது?

கதாசிரியை: அதுதான் விசேஷம். ‘மூன்றாம் நம்பர் லயத்து வாயாடி’ என்று கூப்பிட்டால், நாலைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, ‘அது உன் மாமியார்தான்’, ‘இல்லை, உன் பெரியம்மா’ என்று கூச்சல் போடுவார்கள். ‘ஒட்டுப்பால் திருடிய தண்டல்’ என்றால் ஒரு குடும்பமே தலைகுனியும். அடுத்த குடும்பம் ‘ஆஜர்!’ என்று அவர்களுக்காகப் பதில் சொல்லும். இருபது வருஷமாகக் காடு வெட்டியது யார், மங்கு கவிழ்த்தது யார் என்றெல்லாம் அங்கேயே விசாரணை நடக்கும். நோட்டை மூடிவிட்டு, ‘மீதி புத்தகத்தில் இருக்கிறது’ என்பேன். தன் வீட்டுப் பாட்டியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்காகவே வாங்கிப் போகிறார்கள்; பகைக்காரர் வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறதா என்று பார்க்க இன்னொன்றும் வாங்குகிறார்கள்.

காரியதரிசி: இது இலக்கியமா, வம்பா?

கதாசிரியை: ராமாயணத்தில் கூனி பேசியது என்ன ஐயா? அது கிடக்கட்டும். கையில் மொத்தமாகப் பணமில்லாதவர்கள் மாதம் ஒரு வெள்ளி கொடுத்து மாதம் ஒரு கதை வாங்கிக்கொள்கிறார்கள். தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், நம் சுங்கை சிப்புட் எம்.பி. துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளியிடம் சேர்த்து அவர்களைத் தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆக்கினாரே. பத்து வெள்ளிக்குத் தோட்டமே வாங்கிய சனத்துக்கு ஒரு வெள்ளிக்குக் கதை வாங்கத் தெரியாதா?

காரியதரிசி: சரி, கடலைக்கு வாருங்கள். தின்று முடித்தால் காகிதம் சாக்கடைக்குப் போகும். சிரஞ்சீவியாக இருக்க வேண்டிய எழுத்துக்கு இதுதானா கதி?

கதாசிரியை: சீக்கிரத்தில் எறிய மாட்டார்கள். ஒரு கதையை ஐந்தாறு துண்டாக்கி, துண்டுக்கு ஒரு பொட்டலமாகக் கலந்து வைத்துவிடுகிறேன். கொலை நடந்த பொட்டலம் ஒருவர் கையில் இருக்கும். கொலைகாரன் இருக்கும் பொட்டலம் வேறெவர் கையிலோ இருக்கும். எங்கள் சந்தில் வேலித் தகராற்றில் நெடுநாளாக முகம் பாராதிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள், ஒருவரிடம் பிணமும் மற்றவரிடம் குற்றவாளியும் சிக்கியதால், வேறு வழியில்லாமல் வேலியண்டை வந்து பேசினார்கள். தகராறு தீரவில்லை, கதை முடிந்தது. மறுநாள் இருவரும் தனித்தனியே வந்து ஆளுக்கு மூன்று பொட்டலம் வாங்கிப் போனார்கள். கடலைக்காரர் இப்பொழுது என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். எந்த மண்டபத்திலும் எனக்கு யாரும் எழுந்து நின்றதில்லை.

(பெரியவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். யோசனை செய்கிறார் என்று நினைத்தேன். அவர் மனத்திலே செயற்குழு கூடிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் விளங்கிற்று.)

காரியதரிசி: அம்மா, தாங்கள் செய்வது மகத்தான கைங்கரியம், ஆனால் ஸ்தாபன ரீதியாக நடைபெறவில்லை என்பதே குறை. பொட்டல வெளியீட்டு விழா ஒன்றை நாம் நடத்திவிடுவோம். டத்தோ அவர்கள் முதற்பொட்டலத்தைப் பெற்றுக்கொள்வார். அவருடைய வண்ணப்படம் பொட்டலத்தின் முகப்பில் இருக்கும். கீழே அவருடைய வாழ்த்துரை, அதற்குக் கீழே தலைவர் வாழ்த்துரை, பின்புறத்தில் என் முன்னுரை, விளிம்பைச் சுற்றிலும் நன்கொடையாளர் பட்டியல்.

கதாசிரியை: கதைக்கு எவ்வளவு இடம் மிஞ்சும், ஐயா?

காரியதரிசி: முனையில் கொஞ்சம் இருக்கிறது. தலைப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

கதாசிரியை: அப்படியானால் பொட்டலத்தைப் பெரிதாக மடிக்க வேண்டும். பெரிதாக மடித்தால் கடலை அதிகம் பிடிக்கும். கடலைக்காரர் இந்த விலைக்குக் கட்டுப்படியாகாது என்பாரே?

காரியதரிசி: கடலையா? அதற்குள்ளே கடலை வேறு போட வேண்டுமா?